மூன்றாம் மாடியிலிருந்து யார் இறக்கிவிடுவது? வட சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களின் மாமன்ற உறுப்பினர்களுக்கும் மண்டலக் குழுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, கொடுங்கையூர் குப்பை என்று உங்கள் கைக்கு வரும் மனுக்களுக்குக் குறைவிருக்காது. இந்த மடல் அவற்றில் எதிலும் சேராது. நம் பகுதியில் நடமாட முடியாமல் போன பெரியவர்களைப் பகல் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் நான் கேட்க வந்தது. "இதெல்லாம் மாநகராட்சி வேலையா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். ஜப்பானில் இது மாநகராட்சி வேலைதான். சட்டமே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இருப்பது கொருக்குப்பேட்டையில். வேலையை விட்டாலும் வேலை என்னை விடவில்லை. யாருக்காவது படுக்கைப்புண் வந்தால், மூக்கில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால், கூப்பிட ஆள் வந்துவிடும். என் தங்கை மகள் ஜப்பானில் ஃபுகுவோகா பக்கம் ஒரு முதியோர் பகல் மையத்தில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் சொல்வதையும், அதைக் கேட்டு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் கதை. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021க்கு அரசு வல்லுநர் குழு போட்ட மதிப்பீடு 13.6 சதவீதம், 2031க்கு 18.2 சதவீதம். கேரளாவுக்கு அடுத்து வேகமாக நரைக்கிற மாநிலம் நம்முடையது. அதிலும் வட சென்னை உடலால் உழைத்துத் தேய்ந்த ஊர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், காசிமேட்டில் ஐஸ் பெட்டியும் மீன்கூடையும் சுமந்தவர்கள், மணலியிலும் எண்ணூரிலும் கம்பெனிப் புகையில் ஷிஃப்ட் பார்த்தவர்கள். பின்னி மில் என்று நாம் சொல்கிற பி அண்ட் சி மில் 1996இல் மூடியபோது நாற்பது வயதில் இருந்தவருக்கு இப்போது எழுபது. அவர் மகன் ஆட்டோ ஓட்டுகிறார். மருமகள் விடியற்காலையில் வீட்டு வேலைக்கோ எக்ஸ்போர்ட் கம்பெனிக்கோ கிளம்பிவிடுகிறார். இரண்டு பேரும் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அப்படியானால் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரைக்கும் கட்டிலில் கிடக்கிற பெரியவர்?

எங்கள் தெருவுக்குப் பக்கத்து ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடியில் ஓர் ஆயா. பக்கவாதம் வந்து இடது கை, கால் இழுத்துக்கொண்டது. அவரை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும் என்றால் கேரம் கிளப் பையன்கள் இரண்டு பேர் வர வேண்டும். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நழுவாமல் இருக்கப் பழைய புடவையால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, ஒருவன் பின்பக்கமாகவே படி இறங்குவான். ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர் டிரம்கள் நிற்கும். யாராவது அவற்றை நகர்த்தும் வரை ஆயா அந்தரத்தில் இருப்பார். புதிதாக இடித்துக் கட்டுகிற குடியிருப்புகளில் லிஃப்ட் வைக்கிறார்கள், அது ஓடுகிற நாளில் நல்லதுதான். ஆனால் பழைய மாடிகளில் இன்னும் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று உங்கள் வார்டு அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பட்டியல் இருக்காது.

"மருத்துவமனைக்குத் தவிர வேறெதற்காவது கீழே இறங்கினீங்களா ஆயா?" என்று ஒருநாள் கேட்டேன். "ஓட்டுப் போட இறங்கினேனே!" என்றார். அன்றைக்கு இறக்க ஆள் இருந்தது, கீழே ஆட்டோவும் நின்றது, மறுபடி மேலே ஏற்றிவிடவும் ஆள் இருந்தது. எந்தக் கட்சிக்காரர்கள் என்று நான் கேட்கவில்லை. எல்லாக் கட்சியிலும் அப்படித்தான். செய்ய முடியும் என்று காட்டிவிட்டீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி ஜப்பான். அங்கே 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 29 பேர். நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு என்று 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்து 2000 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தினார்கள். நாற்பது வயதானால் எல்லாரும் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். செலவில் பாதி அந்தப் பணம், மீதிப் பாதி வரிப்பணம். சேவையைப் பெறுபவர் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு கையிலிருந்து கொடுக்கிறார், வருமானம் கூடினால் இரண்டு, மூன்று பங்கு. இந்தக் காப்பீட்டை நடத்துவது டோக்கியோவில் இருக்கிற அமைச்சகமோ ஏதோ ஒரு கம்பெனியோ இல்லை. அந்தந்த ஊரின் நகராட்சி. விண்ணப்பம் போட்டால் நகராட்சி ஆள் வீட்டுக்கே வந்து எழுபதுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டு போவார். தானாகப் புரண்டு படுக்க முடிகிறதா, சட்டை பட்டன் போட முடிகிறதா, மருந்தை எடுத்துக்கொள்ள நினைவிருக்கிறதா என்பது மாதிரி. மருத்துவரின் கருத்தையும் வாங்கி ஏழு படிகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். அப்புறம் அந்தப் பெரியவருக்கென்று ஒரு பராமரிப்பு மேலாளர். வாரத்தில் எந்த நாள் பகல் மையம், எந்த நாள் வீட்டுக்கு உதவியாளர், சக்கர நாற்காலி வேண்டுமா, குளியலறையில் கைப்பிடி வேண்டுமா என்று திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. ஏதாவது சரியில்லை என்றால் குடும்பம் அவரைத்தான் கேட்கும்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு வாக்குவாதம் நடந்தது. நமக்கு மிகவும் பொருந்துகிற வாக்குவாதம். வீட்டில் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணமாகக் கொடுத்துவிடலாமா, அல்லது ஆளை அனுப்பிச் சேவையாகத்தான் கொடுக்க வேண்டுமா? ஜெர்மனியில் பணமாகவும் வாங்கிக்கொள்ளலாம். ஜப்பானில் பெண்ணுரிமை பேசிய ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண்கள் அதை எதிர்த்தார்கள். கையில் பணத்தைக் கொடுத்தால் மருமகள் வீட்டோடு கட்டுண்டு கிடப்பாள், அவள் தோளிலிருந்து சுமை இறங்காது என்பது அவர்கள் வாதம். அந்த வாதம் வென்றது. அங்கேயும் காலம் காலமாக மாமியாருக்குச் செய்தது மருமகள்தான், நமக்கும் அவர்களுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. "நம் பண்பாட்டில் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்" என்று மேடையில் பேசுகிறவர்கள், "பிள்ளைகள்" என்பதில் எந்த மருமகளை நினைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நம்மிடம் ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதியோர் உதவித்தொகை இங்கே 1962இலிருந்து இருக்கிறது, 2023இல் அதை 1,200 ரூபாய் ஆக்கினார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்தத் தன்னார்வலப் பெண்கள் ஏறாத மாடியில்லை. தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கு ரேஷன் பொருள் வாசலுக்கு வருகிறது. முதியோருக்கென்று 14567 என்று ஓர் உதவி எண் இருக்கிறது. பெற்றோரைக் கைவிட்டால் கேட்க 2007 சட்டம் இருக்கிறது, கூலிக்குப் போகும் மகனிடம் அந்தச் சட்டம் எதை வாங்கித் தரும் என்பது வேறு விஷயம். சிக்கல் என்னவென்றால் உதவித்தொகைக்கு ஒரு வாசல், மாத்திரைக்கு ஒரு வாசல், அரிசிக்கு ஒரு வாசல். மூன்றாம் மாடி ஆயாவை முழுசாகத் தெரிந்த அலுவலகம் ஒன்றுகூட இல்லை. மாத்திரை வருகிறது, அரிசி வருகிறது, பணமும் வருகிறது. ஆயாவைக் குளிப்பாட்ட மட்டும் ஆள் வருவதில்லை.

குளியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், யாரும் எழுதுவதில்லை. பக்கவாதம் வந்தவரைக் குளிப்பாட்டுவது பலம் கேட்கிற வேலை. அந்தப் பழைய வீடுகளின் குளியலறையில் ஒருவர் நின்றாலே முழங்கை சுவரில் இடிக்கும், அதில் இரண்டு பேர் எப்படி? அதனால் துண்டை நனைத்துத் துடைத்துவிடுவதோடு நின்றுவிடும். வேலைக்குப் போகிற அவசரத்தில் முதுகும் இடுப்பு மடிப்பும் விட்டுப்போகும். நம் ஊர் வெயிலில், வேர்வையில், பேம்பர்ஸ் ஈரத்தில் இரண்டு வாரம் போதும், தோல் சிவந்து உரியத் தொடங்கிவிடும். அப்புறம் புண், புண்ணில் சீழ், காய்ச்சல். வார்டில் நான் பார்த்த பெரியவர்களில் பலர் சாவுக்குக் காரணமாகச் சீட்டில் எழுதியது வேறு, தொடங்கியது இங்கேதான்.

என் தங்கை மகள் வேலை செய்யும் பகல் மையத்தில் குளியல்தான் பெரிய வேலை. காலையில் வேன் வீட்டு வாசலுக்குப் போகும். பின்பக்கம் சக்கர நாற்காலியோடு ஏற்றுகிற மேடை இருக்கும். மையத்துக்கு வந்ததும் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். பிறகு குளியல். நடக்க முடியாதவரை நாற்காலியோடு வெந்நீர்த் தொட்டியில் இறக்கும் கருவி உண்டு. அப்போது உடம்பு முழுவதையும் பார்த்துவிடுவார்கள், எங்கேயாவது சிவந்திருந்தால் அன்றே குறிப்பு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து "ப, த, க, ர" என்று உரக்கச் சொல்வார்களாம். "ப" சொன்னால் உதடு மூடித் திறக்கும், "த"வுக்கு நுனிநாக்கு, "க"வுக்கு அடிநாக்கு, "ர"வுக்கு நாக்கு சுழலும். சாப்பாடு மூச்சுக்குழாயில் போகாமல் இருக்க வாய்க்குப் பயிற்சி. நான் இதை இங்கே நான்கைந்து ஆயாக்களிடம் சொல்லிக்கொடுத்தேன். சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். செலவு ஒரு பைசா இல்லை. மாலையில் வேன் வீட்டில் இறக்கிவிடும்போது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து அனுப்புவார்கள். எவ்வளவு சாப்பிட்டார், மலம் போனதா, யாருடன் பேசினார் என்று அதில் எழுதியிருக்கும். வீட்டிலிருந்து மறுநாள் பதில் எழுதி அனுப்புவார்கள். "பெரியம்மா, அந்த மகள்கள் எழுதுறதைப் படிச்சா அழுகை வரும். ராத்திரி தூங்கவே இல்லைன்னு ஒரே வரிதான் இருக்கும்" என்றாள்.

இதையெல்லாம் டோக்கியோ மாதிரிப் பணக்கார ஊரில்தான் செய்ய முடியும் என்று நினைக்க வேண்டாம். அதே ஃபுகுவோகா மாவட்டத்தில் ஓமுதா என்று ஒரு ஊர். துறைமுகம், ரசாயனத் தொழிற்சாலை, நிலக்கரிச் சுரங்கம். 1963இல் அந்த மீகே சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 458 பேர் இறந்தார்கள். 1997இல், நம் பின்னி மில்லுக்கு ஒரு வருஷம் கழித்து, சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஒரு காலத்தில் இரண்டு லட்சம் பேர் இருந்த ஊரில் இப்போது ஒரு லட்சத்துச் சொச்சம். இளையவர்கள் வெளியூர் போனார்கள், மூன்றில் ஒருவருக்கு மேல் 65ஐத் தாண்டியவர். எனக்கு அது எண்ணூரும் புளியந்தோப்பும் சேர்ந்த ஊராகத்தான் தெரிகிறது.

அந்த ஊர் மறதி நோய் வந்தவர்களுக்காக 2004இல் ஒரு காரியம் தொடங்கியது. தீயணைப்பு ஒத்திகை மாதிரி, காணாமல் போனவரைத் தேடும் ஒத்திகை. ஒருவர் வழி தவறிய பெரியவராக நடித்துத் தெருவில் நடப்பார். போனிலும் மின்னஞ்சலிலும் அடையாளம் பரவும். கடைக்காரர், மாணவர், தபால்காரர் எல்லாரும் தேடுவார்கள். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, பயமுறுத்தாமல் எதிரே வந்து நின்று பேசத் தெரிய வேண்டும், அதற்கும் பயிற்சி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் படக்கதை வைத்து மறதி நோய் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். நாடு முழுவதும் 2005இலிருந்து ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்று நடக்கிறது, முடித்தவர் கையில் முன்பெல்லாம் ஆரஞ்சு நிற வளையம் மாட்டிவிடுவார்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல் படித்துவிட்டார்கள்.

நம்மிடம் அந்த ஒன்றரை மணி நேரத்தை யாருக்குக் கொடுக்கலாம்? ஆட்டோ ஸ்டாண்டு, ரேஷன் கடை, காசிமேடு மீன் விற்கும் பெண்கள், மாநகரப் பேருந்து நடத்துநர்கள், காவல் நிலையத்தில் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலர். வழி தெரியாமல் நிற்கும் தாத்தாவை நம் ஊரில் முதலில் பார்ப்பது இவர்கள்தான். இப்போது அவர்களில் பாதிப் பேர் "தண்ணி போட்டிருக்காரு" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஜப்பானைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் நான் தயாராக இல்லை. 1973இல் 70 வயதானவர்களுக்கு மருத்துவம் முழுக்க இலவசம் என்றார்கள். வீட்டில் பார்க்க ஆளில்லாதவர்கள் மருத்துவமனைக் கட்டிலிலேயே வருஷக்கணக்கில் தங்கிவிட்டார்கள், பத்தே வருஷத்தில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. நோய் தீர்ந்தும் வீடு இல்லாததால் வார்டில் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன், கட்டில் கொடுப்பது பராமரிப்பு ஆகாது. காப்பீட்டுத் தொகையும் ஏறிக்கொண்டே போகிறது. 65ஐத் தாண்டியவர் மாதம் கட்டுவது 2000இல் சராசரியாக 2,911 யென், இப்போது 6,225 யென். பராமரிப்பு வேலைக்குச் சம்பளம் குறைவு, ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் 2021 ஜனவரியில் இந்தியாவோடு உடன்பாடு போட்டு நம் பிள்ளைகளை அழைக்கிறார்கள். மொழித் தேர்வும் திறன் தேர்வும் எழுதிவிட்டு நம் வீட்டுப் பெண்கள் அங்கே போய் அவர்கள் ஆயாவைக் குளிப்பாட்டுகிறார்கள். நம் ஆயா மூன்றாம் மாடியில். என் தங்கை மகள் போனதில் எனக்குச் சந்தோஷம்தான், இதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அதனால் அவர்கள் காப்பீட்டை அப்படியே கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. தினக்கூலிக்குப் போகிறவரிடம் மாதாமாதம் பணம் கட்டு என்றால் நடக்காது. முதியோர் இல்லம் கட்டித் தாருங்கள் என்றும் கேட்கவில்லை, எங்கள் ஆயாக்கள் தெருவை விட்டு வர மாட்டார்கள். நான் கேட்பது பகல் வீடு. வார்டுக்குள்ளேயே, காலையில் கொண்டுபோய் மாலையில் கொண்டுவந்து விடுகிற ஓர் இடம்.

இடம் உங்களிடம் இருக்கிறது. வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விடுகிற சமுதாய நலக்கூடங்கள் முகூர்த்தம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்கின்றன. தரைத்தளத்தில் கூடம், கழிப்பறை, தண்ணீர் வசதி உண்டு. ஒரு குளியலறையை அகலப்படுத்தி, வழுக்காத தரை போட்டு, கைப்பிடி வைத்து, வெந்நீர்க் கருவி மாட்டினால் போதும். தொட்டியும் கருவியும் வேண்டாம், ஓட்டை போட்ட சக்கர நாற்காலியும் கைக்குவளையும் நமக்குப் போதும். சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம், பிரஷர் உள்ளவர்களுக்கு உப்பை மட்டும் குறைக்கச் சொல்ல வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் வாரம் இரண்டு நாள் வரலாம். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அதே நேரத்தில் அங்கே இருபது பேரைப் பார்த்துவிடலாம்.

பக்கத்தில் அங்கன்வாடி இருந்தால் இன்னும் நல்லது. டோயாமா என்ற ஊரில் 1993இல் மூன்று செவிலியர்கள் சேர்ந்து ஒரு சாதாரண வீட்டில் முதியவர், குழந்தை, மாற்றுத்திறனாளி எல்லாரையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். முதியோருக்கு ஒரு நிதித் தலைப்பு, குழந்தைக்கு ஒரு நிதித் தலைப்பு என்று இருந்ததால் அரசுப் பணம் முதலில் கிடைக்கவில்லை. அப்புறம் அரசுதான் இறங்கி வந்தது. உங்கள் அதிகாரிகளும் "தலைப்பு இல்லை" என்பார்கள். தலைப்பை உருவாக்குவது மாமன்றத்தின் வேலை.

கட்டடத்தைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, இறக்கி ஏற்ற ஆளும் வண்டியும். நம் சந்துக்குள் வேன் நுழையாது, குப்பை எடுக்க வாங்கிய மாதிரி சின்ன பேட்டரி வண்டி நுழையும். படியில் தூக்குவதற்கென்று மடக்கு நாற்காலி இருக்கிறது, 108 ஆம்புலன்ஸ்காரர்களைக் கேட்டால் காட்டுவார்கள். அந்தக் கேரம் கிளப் பையன்களுக்கு முறையாகத் தூக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். ஜப்பான் சறுக்கியது சம்பளத்தில்தான். இரண்டாவது, ஒவ்வொரு பகல் வீட்டுக்கும் பொறுப்பான ஒரு பெண். உதவித்தொகை நின்றுபோனால் தாசில்தார் அலுவலகத்துக்கும், மாத்திரை தீர்ந்தால் சுகாதார நிலையத்துக்கும் அவரே பேச வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாடி மாடியாக ஏறியிறங்கிய பெண்களுக்கு அந்த வேலையைக் கொடுத்தால் முதல் நாளிலிருந்தே ஆயாக்களின் பேர் தெரியும்.

மாநில அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அன்புச்சோலை என்ற பெயரில் முதியோருக்கான பகல் மையங்களை அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் மாநிலத்துக்கே 25. சென்னை மாநகராட்சியில் மட்டும் 200 வார்டுகள். ஜப்பானில் ஒரு நடுநிலைப்பள்ளி வட்டாரத்துக்கு ஒரு முதியோர் ஆதரவு மையம் என்பது கணக்கு, எந்த வீட்டிலிருந்தும் அரை மணி நேரத்தில் எட்டிவிட வேண்டும். நடக்க முடியாதவருக்கு மையம் எங்கோ மாவட்டத் தலைநகரில் இருந்து என்ன பயன்?

ஆறு மண்டலங்களில் மண்டலத்துக்கு ஒரு கூடம் என்று தொடங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை, செலவில்லாதது. அடுத்த பகுதி சபாவுக்குள் உங்கள் வார்டில் மாடியிலிருந்து இறங்க முடியாத பெரியவர்கள் யார் யார், எந்த பிளாக், எந்த மாடி, பகலில் கூட இருப்பது யார் என்று எழுதி வாருங்கள். வாக்காளர் பட்டியலும் பூத் ஆட்களும் உங்களிடம் இருக்கிறார்கள், ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது. அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் படிக்கச் சொல்லி நாங்கள் கேட்போம். குளிப்பாட்டவும் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கவும் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க நானும், என்னோடு ஓய்வு பெற்ற செவிலியர்கள் சிலரும் வருகிறோம். எந்த நாள், எந்தக் கூடம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர்